நாய்க்குப் பச்சை எலும்பு போடலாமா?

வெள்ளாடு வளர்ப்புப் பயிற்சி ஒன்றில் கொட்டகை அமைப்பு, பசுந்தீவனம், தடுப்பூசி எல்லாம் பேசி முடித்து, "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "ஐயா, ஆட்டுக்குக் காவலா ஒரு நாய் வச்சிருக்கேன். கறிக்கடையிலிருந்து பச்சை எலும்பு வாங்கிப் போடறது வழக்கம். மருமக வேக வச்சுத்தான் போடணும்கிறா. பேரன் எலும்பே போடக்கூடாதுங்கிறான். எது சரி?" என்றார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. ஆட்டைப் பற்றிக் கேட்க வந்த இடத்தில் நாயைப் பற்றிக் கேட்கிறாரே என்று.

ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். நாய்க்கு நாம் எதைப் போடுகிறோம் என்பதில் நாயின் உயிர் மட்டும் அல்ல, மந்தையின் நலமும் வீட்டுக் குழந்தைகளின் நலமும் அடங்கியிருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் அன்று சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெரியவரின் கேள்விக்கு நேரடியான பதில். மூவர் சொன்னதிலும் ஒரு பாதி சரி. பச்சை எலும்பா, வெந்த எலும்பா என்றால், நாயின் தொண்டைக்கும் குடலுக்கும் வெந்த எலும்பே அதிக ஆபத்து. ஆனால் கறிக்கடையிலிருந்து பச்சையாக வருவது எலும்பு மட்டும் அல்ல. அதோடு ஒட்டிக்கொண்டு ஈரல் துண்டு, நுரையீரல், குடல் என்று பலவும் வருகின்றன. அவற்றை வேக வைக்காமல் போடவே கூடாது. எலும்பு இல்லாவிட்டால் நாய் வளராதா என்றால், தாராளமாக வளரும்.

வெந்த எலும்பு ஏன் ஆகாது?

எலும்பில் சுண்ணாம்புச் சத்து மட்டும் இருப்பதில்லை. அதற்குள் பசை போன்ற புரதம் ஊடுருவி இருக்கிறது. அந்தப் புரதமும் ஈரமும் இருப்பதால்தான் பச்சை எலும்பு ஓரளவு வளைந்து கொடுக்கிறது. குழம்பில் கொதிக்கும்போது புரதம் கரைந்து குழம்பில் இறங்கிவிடுகிறது. எலும்புச் சாறு ஆறினால் கூழ்போல் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். உறைவது அந்தப் புரதம்தான். மிஞ்சிய எலும்பு சுள்ளி போல் ஆகிவிடும். கடித்தால் நொறுங்காமல் ஊசி ஊசியாகப் பிளக்கும். கோழியின் தொடை எலும்பும் இறக்கை எலும்பும் உள்ளே கூடாக இருப்பதால் இன்னும் கூர்மையாகப் பிளக்கும். நெருப்பில் வாட்டிய எலும்பும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட இலையோடு கோழி எலும்பை நாய்க்குத் தள்ளும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நூறு முறை ஒன்றும் ஆகாமல் போகலாம். நூற்றோராவது முறை குடலில் ஓட்டை விழுந்தால் நாய் பிழைப்பது அரிது.

பச்சை எலும்பில் இந்தக் குறை குறைவு என்றேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. மாட்டின் கால் எலும்பு போன்ற கெட்டியான எலும்பைக் கடித்தால் நாயின் பல் உடையும். மேல்தாடையில் கன்னத்துக்கு நேரே கத்தரிக்கோல் போல் ஒரு பெரிய பல் இருக்கிறது. அதுதான் முதலில் உடையும். உடைந்த பல்லின் வேர் சீழ் பிடித்து, கண்ணுக்குக் கீழே வீங்கி உடைந்து ஒழுகும். கண்ணில் ஏதோ குத்திவிட்டது என்று எண்ணிச் சிலர் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டு இருப்பார்கள்.

இப்போது நகரத்துக் கறிக்கடைகளில் எலும்பை இயந்திர வாளில் அறுக்கிறார்கள். நல்லி எலும்பு வளையல் வளையலாக வருகிறது. உள்ளே இருக்கும் மஞ்ஞைக்கு ஆசைப்பட்டு நாய் நாக்கைவிட்டு நக்கும்போது, அந்த வளையம் கீழ்த்தாடையில் ஏறி, கோரைப் பல்லைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளும். நாய் பைத்தியம் பிடித்தாற்போல் தரையில் முகத்தைத் தேய்க்கும். எண்ணெய் தடவிப் பார்க்கலாம். வரவில்லை என்றால் இழுத்துப் போராடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மயக்க மருந்து கொடுத்து அறுத்து எடுப்பார்.

அளவுக்கு மீறி எலும்பு தின்ற நாய்க்கு மலச்சிக்கல் வரும். மலம் சுண்ணாம்புக் கட்டி போல் வெளுத்து, முக்கி முக்கிப் போகும். இது பெரிதல்ல, எலும்பை நிறுத்தித் தண்ணீரும் மோர் கலந்த கூழும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்று நாளாக மலமே போகவில்லை, வாந்தியும் எடுக்கிறது என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

தொண்டையில் சிக்கினால்

எலும்பு சிக்கும் குழாய்கள் இரண்டு. மூச்சுக்குழாயில் சிக்கினால் நாய் அந்த நிமிடமே திணறும், நாக்கு நீலம் பாரிக்கும். உணவுக்குழாயில் சிக்கினால் திணறாது. அடிக்கடி விழுங்கும், கழுத்தை நீட்டும், எச்சில் வடிக்கும், குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வரும். முதுகெலும்புத் துண்டு போன்ற முனை முனையான எலும்புதான் பெரும்பாலும் இப்படிச் சிக்குவது. அது தொண்டையிலேயே நிற்பது குறைவு. மார்புக்குள் நுழையும் இடத்திலோ, இதயத்துக்கு மேலேயோ, வயிற்றுக்குச் சற்று முன்னோ போய் நிற்கும். ஆகவே வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோற்று உருண்டை, வாழைப்பழம் என்று திணித்து உள்ளே தள்ள முயல்வது கிராமங்களில் வழக்கம். எலும்பின் முனை குழாயைக் கிழித்துவிடும் என்பதால் அதைச் செய்யக் கூடாது. எலும்பு எக்ஸ்ரே படத்தில் நன்றாகத் தெரியும். நாள் கடந்தால் அது அழுத்தும் இடம் அழுகத் தொடங்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி எனக்குத் தொலைபேசியில் பேசினார். ஆடு வளர்ப்பவர், எங்கள் பயிற்சிக்கு வந்தவர். "நாய் ரெண்டு நாளா திங்கலை. வாயிலே எச்சில் ஊத்துது. வாயை மூட முடியலை. ஞாயித்துக்கிழமை எலும்பு போட்டோம், சிக்கியிருக்கும் போல" என்றார். நான் வேறு வேலையில் இருந்தேன். "எலும்பாகத்தான் இருக்கும், வாயைத் திறந்து பாருங்கள். இல்லை என்றால் டாக்டரிடம் கொண்டுபோங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவர் மனைவி நாயின் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் கையை உள்ளே விட்டு அடித்தொண்டை வரை துழாவியிருக்கிறார். எலும்பு இல்லை. மறுநாள் நாயின் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. அதற்கடுத்த நாள் செத்துவிட்டது. அவர் மறுபடி பேசியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால்நடை உதவி மருத்துவர் மூளை மாதிரியை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். வெறிநோய் என்று முடிவு வந்தது. முடிவு வரும் வரை காத்திருக்காமல், நாய் செத்த அன்றே கணவன், மனைவி, நாயோடு விளையாடிய பையன் மூவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட்டோம். அவர் கைவிரலில் வேலி முள் கீறிய காயம் இருந்தது. ஊசிகள் அனைத்தும் தவறாமல் போட்டுக்கொண்டார்கள். மூவரும் நன்றாக இருக்கிறார்கள். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு விரிவாக்கப் பணிக்கு வந்தவன் நான். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டேன்.

அந்தக் கேள்வி இதுதான்: நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா? எப்போது?

வெறிநாய் என்றால் கண் சிவந்து, எதிர்ப்பட்டவரை எல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் என்றே நாம் நினைக்கிறோம். அப்படி ஓடாத வெறியும் உண்டு. நாய் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தாடைத் தசைகள் செயலிழந்து கீழ்த்தாடை தொங்கும். விழுங்கும் தசைகளும் செயலிழப்பதால் எச்சில் வடியும். குரல் மாறும். பார்ப்பவருக்கு எலும்பு சிக்கியது போலவே இருக்கும். கடிக்காத நாய்தானே என்று கையை உள்ளே விடுவார்கள். கிருமி இருப்பதோ அந்த எச்சிலில்தான். நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே எச்சிலில் கிருமி வரத் தொடங்கிவிடும்.

மாட்டிலும் இதே கதை நடக்கிறது. தீனி எடுக்காமல், எச்சில் ஒழுக, குரல் கம்மிக் கத்திக்கொண்டிருக்கும் மாட்டைப் பார்த்து, பனங்கொட்டையோ மாங்கொட்டையோ சிக்கியிருக்கும் என்று முழங்கை வரை உள்ளே விடுகிறவர்கள் உண்டு. அந்த மாட்டை ஒன்றிரண்டு மாதத்துக்கு முன் தெருநாய் கடித்திருக்கும். கடித்தது யாருக்கும் நினைவில் இருக்காது. கொட்டை சிக்கிய மாட்டுக்கு வயிறு உப்பும், கழுத்தைத் தடவினால் பெரும்பாலும் கட்டி தட்டுப்படும் என்பது உண்மைதான். ஆனாலும் கையுறை இல்லாமல் எவரும் வாய்க்குள் கைவிடக் கூடாது. நீங்கள் விடவே வேண்டாம், மருத்துவரை அழையுங்கள்.

எச்சில் வடியும் நாயைச் சங்கிலியில் கட்டி, தனியே அடைத்து, குழந்தைகளை விலக்கி வைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். ஏற்கெனவே கைவிட்டாகிவிட்டது, அல்லது காயத்திலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டுவிட்டது என்றால் அது கடிபட்டதற்குச் சமம். உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் வெறும் தண்ணீரால் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள், மஞ்சள் எதையும் வைக்கக் கூடாது. பிறகு நேரே அரசு மருத்துவமனை. தடுப்பூசி அங்கே இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்தியாகிவிட்டது. இப்போது கையில் போடுகிறார்கள். முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவது அரசு மருத்துவமனைகளில் உள்ள முறை. தசையில் போடும் முறையில் 14-ஆம் நாளும் உண்டு. காயம் இருந்தால் அதைச் சுற்றி இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள். நடவு வேலை இருக்கிறது, அறுப்பு இருக்கிறது என்று இடையில் ஓர் ஊசியையும் விடக் கூடாது. நோய் வெளிப்பட்ட பிறகு மருந்து கிடையாது.

எலும்போடு வருபவை

கிடா வெட்டிய இடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆடி மாதக் கோயில் விருந்தாகட்டும், ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடிக் கறியாகட்டும், வெட்டுகிறவர் ஈரலை எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். அதில் வெள்ளையாக, நீர் நிறைந்த கொப்புளம் போல் ஒன்று இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அரிந்து, காத்திருக்கும் நாயிடம் வீசுவார். நுரையீரலில் இருந்தால் நுரையீரலையே வீசிவிடுவார். நல்ல கறி வீட்டுக்கு, கெட்டது நாய்க்கு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆட்டில் நாய்க்குப் போகவே கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்த நீர்க்கட்டிதான்.

அந்தக் கட்டிக்குள் மணல் போல் இருப்பவை ஒரு வகை நாடாப்புழுவின் இளந்தலைகள். நாயின் குடலுக்குள் போனதும் ஒவ்வொரு தலையும் ஒரு புழுவாகும். நாடாப்புழு என்றால் முழக்கணக்கில் நீளம் என்று எண்ண வேண்டாம். இது சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அரிசி நொய்யைவிட மெல்லியது. ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நாய்க்கு ஒரு குறையும் தெரியாது, மெலியாது, கழியாது. ஆறு, ஏழு வாரம் கழித்து மலத்தோடு முட்டைகள் வெளியேறத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத முட்டைகள். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். புல்லோடு ஆடு தின்றால் ஆட்டுக்குக் கட்டி. மாடு தின்றால் மாட்டுக்கு. நாயைக் கட்டிக்கொண்டு விளையாடிய குழந்தை அந்தக் கையோடு சோறு தின்றால் குழந்தைக்கு.

மனிதருக்குள் அந்தக் கட்டி மிக மெதுவாக வளரும். பத்து வயதில் உள்ளே போனது, முப்பது வயதில் ஈரலில் தேங்காய் அளவு கட்டியாகத் தெரியவரலாம். நுரையீரலில் இருந்தால் இருமலும் மார்பு வலியும். உள்ளே உடைந்துவிட்டால் அந்த நீரே உடலுக்கு ஒவ்வாமல் உயிருக்கு ஆபத்தாகும். பெரிய கட்டிக்கு வைத்தியம் பெரும்பாலும் அறுவைதான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். கட்டி இருந்த ஆட்டின் கறியைத் தின்பதால் மனிதருக்கு இந்நோய் வராது. கட்டி நாய்க்குள் போய்ப் புழுவாகி, அதன் முட்டை நம் வாய்க்குள் வந்தால்தான் வரும். நாய் இல்லாமல் இந்தச் சக்கரம் சுற்றாது. நாய்க்குப் பச்சை ஈரலும் நுரையீரலும் கிடைக்காமலும் சுற்றாது. இரண்டாவதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

நிறுத்தியும் காட்டியிருக்கிறார்கள். வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஐஸ்லாந்து தீவு முழுக்க ஆடு மேய்ப்பவர்கள் நாடு. அங்கே இந்த நோய் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்டு கிராப்பே என்ற அறிஞர் 1863-ல் அங்கே போய் நாய்களை அறுத்துப் பார்த்தார். நான்கில் ஒன்றுக்கு மேல் இந்தப் புழு இருந்தது. அவர் எழுதிய சிறு புத்தகத்தை அச்சிட்டு விவசாயிகளின் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆடு அறுத்தால் கழிவைப் புதையுங்கள் அல்லது எரியுங்கள், நாய்க்குப் போடாதீர்கள், நாய்க்குப் புழு மருந்து கொடுங்கள் என்பதே அதன் சாரம். பிறகு சட்டமும் வந்தது. இன்றுள்ள நல்ல மருந்துகளில் ஒன்றும் அன்று கிடையாது. ஆனாலும் அந்த நோய் அந்தத் தீவை விட்டே போய்விட்டது. நியூசிலாந்து 1959-ல் இதற்கென்று சட்டம் இயற்றி, 2002-ல் நோய் நீங்கிய நாடு என்று அறிவித்துக்கொண்டது. அங்கெல்லாம் நாய்கள் எண்ணிக் கணக்கு வைக்கப்பட்டவை. நமக்குத் தெருநாய் என்ற கூடுதல் தொல்லை இருக்கிறது. ஆகையால் நம் நாய்க்குப் போடாமல் இருந்தால் மட்டும் போதாது. கழிவைத் திறந்தவெளியில் எறியாமலும் இருக்க வேண்டும். மூன்று அடி ஆழம் தோண்டிப் புதைத்து, மேலே கருவேல முள்ளும் கல்லும் வைத்தால் நாய் கிளறாது.

ஆட்டுத் தலையும் அப்படித்தான். மந்தையில் ஓர் ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் விழுந்து சாவதைக் கண்டிருப்பீர்கள். பேய் பிடித்தது என்று மந்திரித்தவர்களும் உண்டு. இப்படிச் சுற்றுவதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், நாயிடமிருந்து வந்த வேறொரு நாடாப்புழுவின் நீர்க்கட்டி மூளையில் வளர்வது ஒரு முக்கியக் காரணம். செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போட்டால் அது மண்டையைக் கடித்து மூளையைத் தின்னும். புழு நாய்க்குத் திரும்பும். நாய் மேய்ச்சல் நிலத்தில் மலம் கழிக்கும். அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு ஆடு சுற்றும். கிடை போடுகிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அவர்கள் நாயும் ஆடும் ஒரே தரையில் படுத்து எழுகின்றன.

கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடியை நாய் இழுத்துப் போக விடுவதும் தவறு. சினை சிதைந்து விழுந்த கன்றையும் அப்படியே. மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமிகளில் சில நாய் மூலம் தீவனத்துக்குத் திரும்பி வருபவை. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வடியும் மாட்டை அறுக்கவே கூடாது. அது அடைப்பானாக இருக்கலாம். நாய் நெருங்காமல் காவல் வைத்து, மருத்துவருக்குச் சொல்லி, ஆறு அடி ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

புழு மருந்து கொடுக்கும் முறை

நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் என்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது. நாயின் எடையில் 10 கிலோவுக்கு 50 மில்லிகிராம். மற்றப் புழுக்களுக்கான மருந்தும் சேர்ந்த மாத்திரைகள் கடையில் கிடைக்கின்றன. பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒரு மாத்திரை என்று அளவு இருக்கும். அட்டையைப் பார்த்து, மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். ஆட்டுக்கு வாங்கிய புழு மருந்தில் மிச்சத்தை நாய் வாயில் ஊற்றுவது சரியல்ல. எடை தெரிய வேண்டுமானால், நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் நாயைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அது வேறு விஷயம்.

வீட்டு நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். மந்தையோடு திரிகிற நாய், கறிக்கடை வாசலில் நிற்கிற நாய் என்றால் ஆறு வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பது நல்லது. புழு முட்டையிடத் தொடங்குவதற்குள் அதைக் கொன்றுவிட வேண்டும் என்பதே ஆறு வாரக் கணக்கின் காரணம். மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. எனவே கொடுத்தபின் இரண்டு நாள் நாயைக் கட்டிவைத்து, அந்த மலத்தைப் பொறுக்கி எரித்துவிடவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். எருக்குழியில் போட வேண்டாம். இன்று மருந்து கொடுத்துவிட்டு நாளை பச்சை நுரையீரலைப் போட்டால் செய்ததெல்லாம் வீண்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாத வயதில் போட்டு, ஒரு மாதம் கழித்து மறு ஊசியும், பிறகு ஆண்டுக்கு ஒன்றும் போட வேண்டும். தேதியைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அட்டை தொலைந்தாலும் சுவர் தொலைவதில்லை.

எலும்பு வேண்டவே வேண்டாமா?

குட்டிக்கு எலும்பு வளர எலும்பு வேண்டும் என்று சொல்வார்கள். கறி மட்டுமே போட்டு வளர்க்கும் குட்டிக்குக் கால் வளைவது உண்மை. கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, மணிச்சத்து அதைப்போல் பல மடங்கு. ஆனால் நம்மில் யார் கறி மட்டும் போடுகிறோம்? கம்பங்கூழ், சோறு, மோர் என்று ஊற்றுகிற வீட்டில் தினம் ஒரு முட்டையோ கொஞ்சம் பாலோ, வேக வைத்த கழிவுக்கறியோ சேர்த்தால் குட்டி நன்றாக வளரும். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து நைசாக இடித்து வைத்துக்கொள்ளலாம். ஓர் ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நாட்டுநாய்க் குட்டிக்குக் கூழில் ஒரு சிட்டிகை போதும். பெரிய இனக் குட்டிக்கு அளவு மீறினாலும் எலும்பு கோணும். உரக்கடையில் விற்கும் எலும்புத் தூள் செடிக்கு, நாய்க்கு அல்ல.

ஈரல், நுரையீரல், குடல், தலை எதுவானாலும் சிறு துண்டுகளாக நறுக்கி அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் கட்டியில் உள்ள கிருமி செத்துவிடும். பெரிய துண்டாகப் போட்டால் உள்ளே வேகாது. எலும்பில்லாமல் வேக வைத்துப் போடுவது நல்லது. மஞ்சள் போடலாம், வெங்காயம் போடாதீர்கள், நாயின் இரத்தத்துக்கு ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் எலும்பு போட ஆசை இருந்தால், அன்று வெட்டிய நல்ல ஆட்டின் மூட்டுப் பகுதியைப் பச்சையாக, நாயின் வாய்க்குள் முழுதாக நுழையாத அளவில், மற்ற உறுப்புகள் ஒட்டாமல் வாங்குங்கள். வாரம் ஒரு முறை, கண் முன்னால், கால் மணி நேரம் கடிக்க விட்டு எடுத்துவிடுங்கள். அவசர அவசரமாக விழுங்குகிற நாய்க்கும், குட்டிக்கும், பல் தேய்ந்த கிழட்டு நாய்க்கும் அதுவும் வேண்டாம். பச்சைக் கறியில் இருக்கும் வயிற்றுப்போக்குக் கிருமிகளை நாய் தாங்கிக்கொள்ளும். நாய் நக்கிய கையோடு சாப்பிடும் குழந்தை தாங்காது. எலும்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சமையல் பாத்திரத்தில் அதை வைக்காதீர்கள்.

மிஞ்சிய எலும்பை வயலில் எறியவும் கூடாது. மணிச்சத்துக் குறைந்த மாடு மண்ணையும் துணியையும் எலும்பையும் மெல்லும். அழுகிய எலும்பில் ஊறும் ஒரு நஞ்சு மாட்டின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பின்னங்கால் தளர்ந்து, நாக்கு தொங்கி, விழுங்க முடியாமல் படுத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் மந்தை மந்தையாக மாடுகள் இப்படிச் செத்தபோது, எலும்பு மெல்லுவதுதான் காரணம் என்று ஆர்னால்டு தைலர் என்ற கால்நடை அறிஞர் கண்டுபிடித்தார். உங்கள் மாடு எலும்பைத் தேடிப் போனால் விரட்டிவிட்டு அதோடு நிற்காமல், கறவைக்குத் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தீவனத்தில் கலந்து வையுங்கள். சில வாரங்களில் அந்தப் பழக்கம் நின்றுவிடும்.

பெரியவர் அன்று மாலை போகும்போது, நாய்க்கு ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "குட்டியிலே போட்டது" என்றார். இப்போது அதற்கு ஐந்து வயது. அடுத்த வாரமே கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுவிட்டதாகப் பேரன் சொல்லியனுப்பினான்.